நாரை நின்ற ஒற்றைக்கால்

கடல் சூழ்ந்த தீவு ஒன்றில், குளத்தங்கரையில் செவியன் என்றொரு முயல் இருந்தது. அதன் சுற்றத்தை எல்லாம் ஒரு விரியன் பாம்பு விழுங்கிவிட்டது. பேச்சுத் துணைக்குக்கூட யாரும் இல்லை.

ஒரு புயலில், சீனக் கரையிலிருந்து வெண்ணாரை ஒன்று காற்றில் அடித்துவரப்பட்டுக் குளத்தில் விழுந்தது. குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கியது. ஆயுதமே இல்லாமல் பாம்பை வெல்லும் வித்தை ஒன்று அதன் ஊரில் உண்டாம். பொழுதுபோகாமல் இரண்டும் அதை ஆடிப் பார்த்தன. முதலில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பிறகு விலக வேண்டும். பிறகு உதை. ஒற்றைக்கால் நாரைக்குப் பழக்கதோஷம் என்று செவியன் நினைத்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே தானும் நின்றது.

குளிர்காலம் போய் வெயில் ஏறியதும் நாரை ஊருக்குக் கிளம்பியது.

"தனியாக இருந்தாலும் ஆடுவதை விட்டுவிடாதே, செவியா" என்றது.

செவியன் தினமும் ஆடியது. ஒற்றைக்காலில் நிற்கும்போதெல்லாம் நாரை பக்கத்தில் நிற்பது போலிருக்கும். அந்த ஒரு ஆறுதல்தான் அதற்கு.

ஒருநாள் தீவின் நடுக்காட்டிலிருந்து வந்த குரங்கு ஒன்று இதைப் பார்த்துவிட்டது. கடல் கடந்து வந்தது எதுவும் அந்தக் காட்டுக்கு ஆகாது.

"இது எந்த ஊர் வித்தை?" என்று கேட்டது குரங்கு.

தனிமை யாரை விட்டது? "நம் தீவு வித்தைதான். நானே கண்டுபிடித்தேன்" என்று செவியன் சொல்லிவிட்டது.

அவ்வளவுதான், குளக்கரையில் எள் விழ இடமில்லை! குரங்கும் மானும் பன்றியும் பழக வந்தன. நாரையின் சாயல் தெரியக் கூடாதே என்று செவியன் ஒற்றைக்காலில் நிற்பதை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சுற்றிலும் கூட்டம் இருந்தது. பக்கத்தில் மட்டும் யாரோ இல்லாதது போல் அதன் நெஞ்சு வெறிச்சோடிக் கிடந்தது.

ஒரு மத்தியானம் விரியன் வந்தது. பழக வந்தவை பிடித்தன ஓட்டம்! செவியன் விலகிப் பார்த்தது, உதைத்துப் பார்த்தது. உடலைச் சுருட்டித் தலையை உள்ளிழுத்து வைத்திருந்த பாம்பின் மேல் ஒரு அடியும் விழவில்லை. சாகும் நேரத்தில் நாரையின் நினைப்பு வந்தது. செவியன் தன்னையறியாமல் ஒரு காலைத் தூக்கியது.

தூக்கிய காலைக் குறிவைத்துப் பாம்பு பாய்ந்தது. செவியன் காலை இழுத்துக்கொண்டது. நீண்டுபோன கழுத்தில் விட்டது ஒரு உதை! பாம்பு அதோடு சரி.

குரங்கு திரும்பி வந்து, "கடைசியில் செய்தாயே, அது என்ன புது அடி?" என்று கேட்டது.

"புதிது இல்லை. எல்லாமே கடலுக்கு அப்பாலிருந்து வந்த நாரை தந்தது. பொய் சொன்னேன்" என்றது செவியன்.

கூட்டம் முகம் சுளித்துக் கலைந்துபோனது. மறுபடியும் செவியன் தனிதான். அன்று சாயங்காலம் அது ஒற்றைக்காலில் நின்று ஆட்டத்தைத் தொடங்கியது. வெகுநாளைக்குப் பின் நாரை பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

கற்றுத் தந்தவரை மறைத்தால் கற்ற வித்தையும் குறைந்துபோகும்.