ஐந்தாம் கம்பத்துப் புல்

நயினார் பஸ் கண்டக்டர். வயது ஐம்பத்தொன்று. அவருக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த ஜெபக்கனி அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். ஆனாலும் மைதானத்தில் கால் வைத்துவிட்டால் நயினார், "மாஸ்டர்" என்று கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

போன வருஷம் இருபத்தொரு கிலோமீட்டர் போட்டியில், பதினேழாவது கிலோமீட்டரில் நயினார் சுருண்டு விழுந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டு வந்தார்கள்.

"என்னவே, பாதி வழியில இறங்கிட்டீராமே! முழு டிக்கெட்டு எடுக்கலியோ?" என்று டெப்போவே சிரித்தது.

இந்த வருஷம் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழம மைதானத்த நாப்பத்தஞ்சு சுத்து ஓடி முடிங்க அண்ணாச்சி. முடிச்சாத்தான் போட்டிக்கு உங்க பேரக் குடுப்பேன்."

அந்த மைதானத்தில் ஓடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு விளக்குக் கம்பம். அதன் அடியில் அவரவர் தண்ணீர் பாட்டில். மூன்று சுற்றுக்கு ஒருதரம் இரண்டு மடக்கு. மாஸ்டர் வைத்த ஒழுங்கு அது. நயினாருக்கு ஐந்தாம் கம்பம்.

அவர் குடிப்பதில்லை.

இருபத்தாறு வருஷமாக, வண்டியில் ஏறினால் இறங்கும்வரை தண்ணீர் தொடாத உடம்பு. கண்டக்டருக்கு அவசரம் என்று எந்த வண்டியும் ஓரங்கட்டாது. அந்தப் பழக்கம்தான் தன் பலம் என்று நம்பினார். மாஸ்டர் மனம் கோணக் கூடாதே என்று கம்பத்தடியில் குனிவார், பாட்டிலைத் தரையில் சாய்ப்பார், வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவார்.

மாஸ்டரும் கூடவே ஓடுவார். எந்த வெயிலிலும் அவர் உதடு காய்ந்து நயினார் பார்த்ததில்லை. அவரும் தன் கம்பத்தில் நின்று இரண்டு மடக்கு குடிப்பார்தான். அது மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக என்று நயினார் நினைத்துக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுவதில் அவருக்கு ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தாறாவது சுற்றில் கால் பின்னியது. ஐந்தாம் கம்பத்தைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். மாஸ்டர் வந்தார்.

"தண்ணி குடிச்சியளா அண்ணாச்சி?"

"குடிச்சேன் மாஸ்டர்."

"ரெண்டு மடக்கா?"

"ரெண்டு மடக்கு."

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்திரை மாதம். மைதானம் முழுக்கப் புல் கருகிக் கிடந்தது. கம்பத்தடியில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பச்சைப்பசேலென்று தளதளத்தது. மாஸ்டர் அதைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லாத்தான் வளந்திருக்கு. போட்டிக்கு இதக் கூட்டிட்டுப் போவமா?"

நயினாருக்குத் தலை நிமிரவில்லை.

"எத்தன நாளா?"

"மூணு மாசமா, மாஸ்டர்."

மாஸ்டர் எழுந்து போய்த் தன் பாட்டிலை எடுத்துவந்தார். உப்புப் போட்ட நீராகாரம். நயினார் வாங்கி ஒரே மூச்சில் சாய்த்தார். மாஸ்டர் பிடுங்கிக்கொண்டார்.

"மெதுவா. வயிறு என்ன தண்ணி லாரியா?"

"என் பேரு...?"

"புதன்கிழம லீவு போடுங்க."

புதன்கிழமை மாஸ்டர் தோளோடு தோளாக ஓடினார். மூன்று சுற்றுக்கு ஒருதரம் நயினாரைக் கம்பத்தடியில் நிறுத்தினார்.

"முழுங்கிட்டியளா? எங்க, வாயத் திறங்க பாப்போம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நயினார் வாயைத் திறந்து காட்டினார். அவருக்கே சிரிப்பு வந்தது. முப்பத்தாறாவது சுற்று எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்தை முடித்து நின்றபோது இன்னும் இரண்டு சுற்றுக்குக் காலில் தெம்பு இருந்தது.

மாஸ்டர் படிவத்தை எடுத்து அவர் பெயரை எழுதினார்.

நயினார் தயங்கித் தயங்கி நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"குடிச்சு ஓடினதால நான் தப்பிச்சேன் மாஸ்டர். உங்கள மாதிரி தாகத்த அடக்க எத்தன வருஷம் பழகணும்?"

மாஸ்டர் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டு, தன் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்தார்.

"தெரியலியே அண்ணாச்சி. ஓடும்போது எனக்குத் தாகம் எடுத்ததே இல்லியே."