சமம் தவறாத படகு

கடவுள் மூளையைப் பங்கு போட்ட அன்றைக்குச் சங்குத்திட்டு ஆட்கள் கடலுக்குப் போயிருந்தார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. கடலுக்குப் போயிருந்தால் மீனாவது கொண்டுவந்திருப்பார்களே? வீட்டில்தான் இருந்திருப்பார்கள். கதவு தட்டிய சத்தம் கேட்டு, யார் எழுந்து போய்த் திறப்பது என்று கூடிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அந்த ஊரில் நம்புராசன் என்று ஒருவன். அவனோடு இரட்டையாகப் பிறந்தவன் கடலாண்டி. உயரம், எடை, அசட்டுச் சிரிப்பு எல்லாம் இருவருக்கும் ஒன்றுபோல. அவர்களுடைய தாய்மாமன் பேச்சிமுத்து. நல்ல கனத்த சரீரம். நான்காவது ஆள் நாகசுந்தரம். ஐந்தாம் வகுப்பை எட்டிப் பார்த்தவன் என்பதால் ஊரே அவனிடம்தான் யோசனை கேட்கும். ஊரின் லட்சணத்தை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நம்புராசனிடம் உருப்படியாக இருந்தது ஒரு பாய்மரப் படகு. அதுவும் அவன் சம்பாதித்ததில்லை. அவன் மனைவி முத்துராக்குவுக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்தது. அதைத்தான் அந்தப் புண்ணியவான் பந்தயத்தில் வைத்துவிட்டு வந்தான். கோயில் திருவிழாவில் நடக்கும் படகுப் போட்டியில் பக்கத்து ஊரான கோரைவாடிக் களஞ்சியத்தை முந்தினால் களஞ்சியத்தின் படகு இவனுக்கு; பிந்தினால் இவன் படகு அவனுக்கு. டீக்கடையில் களஞ்சியம் சும்மா சீண்டினான், இவன் மார்தட்டினான், அவ்வளவுதான்.

முத்துராக்கு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். படகு போனால் சோற்றுக்கு வழியில்லை. அழுது தீர்த்துவிட்டு நான்கு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். கடலோடியின் மகள், விஷயம் தெரிந்தவள்.

"இங்க பாருங்க. ஒரு பக்கமாச் சாஞ்சா படகு வேகம் போயிரும். ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கணும். படகைச் சாய விடாதீங்க. வேற ஒரு மண்ணும் நீங்க யோசிக்க வேணாம்."

யோசிக்க வேண்டாம் என்றது அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. நேராக மீன் ஏலக் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே இருந்த பெரிய தராசின் இரண்டு தட்டிலும் இரட்டையர் ஏறினார்கள். முள் நட்டநடுவில் நின்றது. ஊரே கைதட்டியது.

அடுத்து ஒரு தட்டில் பேச்சிமுத்து, மறு தட்டில் நாகசுந்தரம். நாகசுந்தரம் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"மாமாவைக் குறைக்கிறதா, இவனைக் கூட்டுறதா?" என்று நம்புராசன் கேட்டான்.

"என்னையக் கூட்டுங்க. அதான் மரியாதை" என்று மேலிருந்து நாகசுந்தரம் சொன்னான்.

கூழும் கருவாடும் கொண்டுவந்து அவனுக்கு ஊட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த பேச்சிமுத்து, "எனக்கும் ரெண்டு வாய் குடுங்கடா" என்று கெஞ்சினார். கொடுத்தால் கணக்கு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். எவ்வளவு ஊட்டியும் முள் அசையாததால் கடைசியில் நாகசுந்தரத்தின் மடியில் ஒரு மணல் மூட்டையை வைத்தார்கள். முள் நடுவுக்கு வந்தது.

இதைக் கேள்விப்பட்டு முத்துராக்கு ஓடிவந்தாள். "அட கூறுகெட்டவங்களா! ஒரே இடத்துல உக்காந்திருந்தா ஆச்சா? காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதோ, அந்தப் பக்கமா எல்லாரும் நகரணும். அப்பத்தான் படகு நிமிரும்."

நாகசுந்தரம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "மதினி, அப்பச் சமம்னு சொன்னீங்க. இப்ப ஒரு பக்கமாப் போகச் சொல்றீங்க. முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு போனாள்.

போட்டி நாள் வந்தது. எதிர்க்கரையிலிருந்து கிளம்பி, கோயில் கரையில் கட்டியிருக்கும் கயிற்றை முதலில் தொடும் படகுக்கு வெற்றி. வேட்டு வெடித்தது. பாய்கள் விரிந்தன. காற்று இடதுபக்கமிருந்து அடித்தது. களஞ்சியத்தின் ஆட்கள் எட்டுப் பேரும் இடப்பக்கம் நீட்டிய பலகையில் வரிசையாக ஏறிக் கடலுக்கு மேலே தொங்கினார்கள்.

நம் ஆட்கள் அசையவில்லை. இடப்பக்கம் கடலாண்டியும் பேச்சிமுத்துவும், வலப்பக்கம் நம்புராசனும், மடியில் மணல் மூட்டையோடு நாகசுந்தரமும். சுக்கான் பிடிக்கப் பின்னால் போனால் அளவு தப்பிவிடும் என்பதால், சுக்கானையும் பாய்க் கயிற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டு நம்புராசன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். படகு வலப்பக்கம் சாய்ந்துகொண்டே ஓடியது.

"சமமாத்தானே உக்காந்திருக்கோம், ஏன்டா சாயுது?" என்றார் பேச்சிமுத்து.

நாகசுந்தரம் தண்ணீரை உற்றுப் பார்த்தான். "படகு நேராத்தான் இருக்கு. கடல்தான் சாஞ்சிருக்கு."

மூவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கடற்பறவை வந்து வலப்பக்க விளிம்பில் உட்கார்ந்தது. "போச்சு, வலப்பக்கம் கூடிருச்சு!" என்று நம்புராசன் கத்தினான். கடலாண்டி அவசரமாகத் தன் துண்டை நனைத்து இடப்பக்க விளிம்பில் போட்டான். பறவை பறந்துவிட்டது. இப்போது துண்டு கூடுதல். அதை எடுக்க எட்டிய கடலாண்டி, துண்டோடு சேர்ந்து தண்ணீரில் விழுந்தான்.

கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முத்துராக்கு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள்.

"அண்ணே, இடப்பக்கம் கடலாண்டி இல்ல. இப்ப நீங்க அதிகம்" என்றான் நாகசுந்தரம்.

நம்புராசன் ஒரு கணம்தான் தயங்கினான். "எம் பொண்டாட்டி சொன்ன வார்த்தையை மீற மாட்டேன்" என்று சொல்லிக் குதித்துவிட்டான். அவள் இத்தனை வருடமாகச் சொன்ன ஆயிரம் வார்த்தைகளில் அவன் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

மிச்சம் இருவர். சமம். ஆனால் நாகசுந்தரத்தின் மடியில் இருந்த மூட்டை ஓட்டை. மணல் ஒழுகிப் படகின் ஓரமாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"மாமா, எனக்குக் குறையுது. நீங்களும் குறைங்க."

பேச்சிமுத்து சட்டையைக் கழற்றி எறிந்தார். மணல் ஒழுகியது. வேட்டியை எறிந்தார். மணல் ஒழுகியது. அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல கழட்ட என்கிட்ட ஒண்ணுமில்லப்பா" என்று தழுதழுத்தார். பிறகு தம்மையே எறிந்துகொண்டார்.

நாகசுந்தரம் சுற்றிலும் பார்த்தான். இடப்பக்கம் ஒருவருமில்லை. வலப்பக்கம் தான் ஒருவன் மட்டும். இவ்வளவு பெரிய அநியாயத்தைப் படித்தவன் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவனும் குதித்தான்.

நான்கு முட்டாள்களையும் இறக்கிவிட்ட படகுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பாரம் இல்லை, குறுக்கே பேச ஆளும் இல்லை. காற்று மாறாமல் அடிக்க, கட்டிய சுக்கானோடு நேரே பாய்ந்து, எட்டு ஆளைச் சுமந்து வந்த களஞ்சியத்தின் படகைத் தாண்டிப்போய்க் கயிற்றைத் தொட்டது.

"ஆளே இல்லாத படகு எப்படிய்யா ஜெயிக்கும்?" என்று களஞ்சியம் குதித்தான்.

முத்துராக்கு இடுப்பில் கைவைத்து விழாக் கமிட்டித் தலைவர் முன்னால் நின்றாள். "கயித்தை முதல்ல தொடுற படகுன்னுதானே மைக்குல சொன்னீங்க? ஆளுன்னு சொன்னீங்களா? போன வருசம் கோரைவாடி ஆளு ரெண்டு பேரு பாதியில விழுந்தாங்களே, அப்ப ஒத்துக்கிட்டீங்கல்ல? ரெண்டு பேரு விழலாம், நாலு பேரு விழக் கூடாதா?"

தலைவர் மைக்கைக் கையில் எடுத்தார். வெற்றி சங்குத்திட்டுக்கு. களஞ்சியம் தன் படகின் கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கரையோரமாகக் கோரைவாடிக்கு நடந்தான்.

நீந்திக் கரைசேர்ந்த நால்வரையும் பார்த்து முத்துராக்குவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேச்சிமுத்துவுக்குத் தன் துண்டைத் தூக்கிப் போட்டாள். பரிசாகக் கிடைத்த பித்தளை அண்டாவோடு அவள் பஸ்ஸில் போக வேண்டும்.

"ஒண்ணுல ரெண்டு பேரு, இன்னொண்ணுல ரெண்டு பேரு ஏறி, ரெண்டு படகையும் வீடு கொண்டாந்து சேருங்க. சாமி, இதையாச்சும் ஒழுங்காச் செய்ங்க."

அவள் போனதும் நால்வரும் இரண்டு படகுகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஜெயித்த முறை மாறக் கூடாதென்று இரண்டு சுக்கானையும் இறுக்கிக் கட்டிப் பாய்களையும் விரித்தார்கள். அதன் பிறகுதான் பேச்சிமுத்து கவலையோடு கேட்டார்: "மாப்ள, நான் எதுல ஏறுனாலும் அந்தப் படகு கூடிருமே. மணல் மூட்டையும் காலி."

எல்லோரும் நாகசுந்தரத்தைப் பார்த்தார்கள்.

"ஒரு ஆளு ஒரு படகுலதான் ஏறணும்னு யாரு சொன்னா?" என்றான் அவன்.

அவன் சொன்னபடி நால்வரும் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு இடது கால் ஒரு படகில், வலது கால் மறு படகில். எடை இரண்டு படகிலும் பாதிப்பாதி. ஏலக் கொட்டகைத் தராசுகூட இவ்வளவு சரியாக இருக்காது என்று மெச்சிக்கொண்டு, கரையைத் துடுப்பால் உந்தித் தள்ளினார்கள்.

இரண்டு படகும் கிளம்பின. நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. பிறகு இரண்டு முழம்.

"கால் விரியுதுடா" என்று பேச்சிமுத்து முனகினார்.

"அசையாதீங்க மாமா! ரெண்டு பக்கமும் ஒரே அளவுலதான் விரியுது" என்றான் நம்புராசன்.

நால்வரும் ஒரே நேரத்தில், துளிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல், நடுவில் விழுந்தார்கள். சுமை இறங்கிய படகுகள் நிமிர்ந்தன. காற்று கோரைவாடிப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே கரையில் அழுதுகொண்டே நடந்துபோன களஞ்சியம், தன் படகும் அதன் பக்கத்தில் இன்னொரு படகும் தன்னைத் தேடி வருவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி நம்புராசன் அதைப் பெருமையோடு பார்த்தான்.

"முத்துராக்கு வந்து கேட்டா மறக்காமச் சொல்லுங்கடா," என்றான். "ரெண்டும் கடைசி வரைக்கும் சாயவே இல்ல."