தர்மசங்கடத்தைக் கொண்டு வந்தவன்

முன்னொரு காலத்தில், மழையும் விளைச்சலும் குறைவில்லாத ஒரு நாட்டில், கவலையே அறியாத ராஜா ஒருவர் இருந்தார். ஒரு நாள் வாயிற்காவலன் ஏதோ சொல்லும்போது, “தர்மசங்கடமாகப் போய்விட்டது, பிரபு” என்றான். ராஜா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

“அதற்கு என்ன பொருள்?”

சபைப் பண்டிதர் வைகுந்த பட்டர் எழுந்தார். “சங்கடம் என்றால் இடுக்கு, பிரபு. நுழைந்தால் திரும்ப முடியாத குறுகல். இரண்டு தர்மங்களுக்கு நடுவே மனிதன் அப்படி மாட்டிக்கொள்வதையே பெரியவர்கள் தர்மசங்கடம் என்றார்கள்.”

“தர்மம் ராஜபாட்டை ஆயிற்றே! அதில் இடுக்கு ஏது?” என்றார் ராஜா. “சொன்ன சொல் தவற மாட்டேன். உண்மை சொன்னவனைத் தண்டிக்க மாட்டேன். முடிசூடிய அன்று செய்த சத்தியங்கள் இவை. இன்றுவரை எந்த நெருக்கடியும் வந்ததில்லையே?”

பட்டரின் பார்வை சபையில் இருந்த விகடகவி கூத்தன்மேல் விழுந்தது. அவன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. “சொன்னால் விளங்காது, பிரபு. கண்ணால் காண வேண்டும். கூத்தன் கெட்டிக்காரன், கொண்டு வந்து காட்டட்டும்.”

ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. “நாளைச் சபைக்குக் கொண்டு வா, கூத்தா. வெறுங்கையோடு வந்தால் நாட்டை விட்டுப் போக வேண்டும். இது என் சொல்.”

கூத்தன் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மனைவி செங்கமலத்துக்கு நிறைமாதம். நடந்ததைக் கேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இந்த வயித்தோட நான் எந்த ஊருக்குங்க நடப்பேன்?”

“ஒரு பூனையைப் பிடிச்சு, இதுதான் அதுன்னு சொல்லிப் பாக்கட்டுமா?”

“வேண்டாங்க. பொய்யின்னு தெரிஞ்சா தலையே போயிடும். கொண்டு வரலைன்னு உள்ளதைச் சொல்லிடுங்க. உண்மை சொன்னவங்களை ராஜா தண்டிக்க மாட்டாராமே?”

கூத்தன் அவளையே பார்த்தான். பிறகு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “நீ சொன்னபடியே செய்றேன், தாயே!”

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. கூத்தன் கைகூப்பி நின்றான்.

“பிரபு, தேடினேன், அகப்படவில்லை. வெறுங்கையோடு வந்திருக்கிறேன். இது சத்தியமான உண்மை.”

“பார்த்தீர்களா!” என்று துள்ளினார் பட்டர். “துரத்துங்கள், பிரபு!”

ராஜா கையை உயர்த்தினார். “கூத்தா, நீ நாட்டை விட்டு...” கை அந்தரத்தில் நின்றது. உண்மை சொன்னவனைத் தண்டிப்பதா? தண்டிக்காவிட்டால் நேற்றுச் சொன்ன சொல் என்ன ஆவது? கையை இறக்கினார், மறுபடி உயர்த்தினார். நெற்றி வியர்த்தது.

“துரத்தினாலும் பாவம், விட்டாலும் பாவம். நான் என்னதான் செய்வது?” என்றார் ராஜா.

“அசையாதீர்கள், பிரபு!” என்றான் கூத்தன். “தாங்கள் இப்போது நிற்கிறீர்களே, அந்த இடுக்குதான் தர்மசங்கடம். காட்டிவிட்டேன். இனி என்னைத் துரத்த வேண்டியதில்லை, தாங்களும் வெளியே வரலாம்.”

பட்டர் விடவில்லை. “அப்படியானால் வெறுங்கை என்று சொன்னது பொய்தானே?”

“நான் சொன்னபோது என் கை வெறுங்கைதான், சுவாமி. அது பிறந்தது அதன் பிறகு. பிறந்ததும் என் கையில் இல்லை, பிரபுவின் நெஞ்சில்.”

ராஜா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அதன் பின்னாலேயே சிரிப்பு வந்தது; சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார்.

“அப்பப்பா! பொல்லாத இடுக்கடா அது. காவலன் பாவம், என்ன பாடுபட்டானோ, நான் கேட்கவேயில்லை. அவனை அழைத்து வாருங்கள். கூத்தா, பிறக்கப்போகும் உன் பிள்ளைக்குக் கன்றோடு ஒரு கறவைப் பசு. பட்டரே, நீரே தொழுவத்துக்குப் போய் நல்லதாகப் பார்த்து ஓட்டி வாரும்!”

பட்டர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்.

பசுவின் கயிற்றை வாங்கிக்கொண்டு அரண்மனை வாசலைத் தாண்டிய பிறகுதான் கூத்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படியில் அப்படியே உட்கார்ந்தான். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் உடம்பு குலுங்கியது. பசு குனிந்து அவன் தோளை நக்கிக்கொடுத்தது.