கை இறங்கும் வரை

பாளையங்கோட்டையில் முப்பத்தெட்டுப் பேர் கொண்ட ஒரு இசைக்குழு. வயலின், செல்லோ, குழல், கொம்பு எல்லாம் சேர்ந்த மேல்நாட்டுக் குழு. நான் அதில் டபுள் பாஸ் வாசிக்கிறவன். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற வாத்தியம் அது, அதைத் தூக்கிப் போகவே ஒரு வேன் வைத்திருந்தேன். வேன் வைத்திருக்கிறவனை எல்லோரும் எல்லா இடத்துக்கும் கூப்பிடுவார்கள். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

குழுவின் முன்னால் நின்று கையசைத்து நடத்தியவர் கிருபாவதி டீச்சர். வயது நாற்பது. அவரிடம் இசை எழுதப் படித்த அருமைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, பென்சிலும் ரப்பருமாக வந்து டீச்சர் முன்னால் உட்கார்ந்த மனுஷன். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வருடத்தில் அவர் ஒரே ஒரு இசைதான் எழுதினார். ஊருக்குத் தெற்கே வெள்ளங்குளம் இருக்கிறது. வாரம் மூன்று நாள் சாயங்காலம் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கரையில் நடப்பார். அங்கே கேட்டதை வீட்டில் வந்து சுரமாக்குவார். அதற்கு வைத்த பெயரும் 'குளம்'.

சனிக்கிழமை அரங்கேற்றம். அதற்கு முந்தின திங்கட்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவர் டீச்சரிடம் வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். மூணு வருசம் இதுக்குத்தான் குடுத்திருக்கேன். இதுல குளம் வந்திருக்கா?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்க வேன்ல டீசல் இருக்கா?"

இருந்தது, என்ன செய்ய.

மறுநாள் நாலு மணிக்குக் குளத்துக்குப் போனோம். கரையில் கால் வைத்த உடனே ஒரு ஆக்காட்டி மேலே எழும்பியது. நீளமான மஞ்சள் காலும் சிவப்பு மூக்குமாக ஒரு பறவை. எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி ஒரே கத்தல்.

அருமைநாயகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கேட்டீங்களா டீச்சர்! இதுதான், இதேதான்! முதல்ல ஓபோக் குழல் வாசிக்கும்லா, பொறவு கொம்பெல்லாம் சேர்ந்து எடுக்கும்லா, அது இந்தச் சத்தந்தான். மூணு வருசத்துல ஒருநாள்கூட இது பாடாம இருந்ததில்ல."

"உட்காருங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

மூன்று பேரும் உடைமரத்தடியில் உட்கார்ந்தோம். பறவை விடவில்லை. பத்து நிமிடம் ஆகியும் கத்தியது. நான் கொசுவை அடித்தேன், அதற்கும் சேர்த்துக் கத்தியது. டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கத்தல் நின்றது.

பறவை தரையில் இறங்கியது. இரண்டடி நடக்கும், நிற்கும், எங்களைப் பார்க்கும். எங்களுக்குப் பதினைந்தடி தூரத்தில், வெறும் சரளைக்கல் நடுவே போய் அமர்ந்தது. அது அமரும்போதுதான் பார்த்தோம். கல்லோடு கல்லாக நாலு முட்டை.

அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் கேட்டது. முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் போய் வரும் சத்தம். கோரைப்புல் ஒன்றோடொன்று உரசுவது. தூரத்தில் ஏதோ ஒரு குஞ்சு விட்டுவிட்டுக் கூப்பிட்டது. எல்லாம் சின்னச் சின்னச் சத்தம். இருபது வருடமாக வாத்தியம் வாசிக்கிறேன், இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அருமைநாயகம் ரெக்கார்டரை எடுக்கவே இல்லை. அவர் கை மடியில் கிடந்தது.

வேனில் திரும்பும்போதுதான் பேசினார்.

"அது எப்பவும் அப்படித்தான் பாடும்னு நெனச்சேன்."

"நீங்க போனப்போவெல்லாம் அப்படித்தான் கத்தியிருக்கு," என்றார் டீச்சர்.

"நான் உட்கார்ந்ததே இல்ல டீச்சர். நடந்துக்கிட்டேதான் பதிவு பண்ணுவேன்."

டீச்சர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"அப்போ என்னைப் பாத்துப் பயந்து கத்துனதையா நான் முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதிவச்சிருக்கேன்? கிழிச்சுப் போட்டுரவா?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"கிழிக்காதீங்க. அதுல ஒரு சுரமும் பொய்யில்ல," என்றார் டீச்சர்.

"அப்போ குளம் எங்க டீச்சர்?"

"சனிக்கிழமை வாசிப்போம், வாங்க."

இசையில் ஒரு சுரத்தைக்கூட டீச்சர் மாற்றவில்லை. மாற்றவிடவும் இல்லை.

சனிக்கிழமை மாலை அரங்கம் நிறைந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி, இசை முடிந்ததும் எழுதியவர் மேடை நடுவுக்கு வந்து கும்பிட வேண்டும். அதற்காக மேடை ஓரத்தில், என் பக்கத்தில், அருமைநாயகத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பது நிமிடமும் அவர் அதில் உட்காரவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஆக்காட்டியின் கத்தலை வாசித்தோம். முடிந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. நடத்துகிறவரின் கை இறங்கினால்தான் இசை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை யாரும் கைதட்டக் கூடாது, நாங்கள் தந்தியிலிருந்து வில்லை எடுக்கக் கூடாது.

டீச்சரின் கை இறங்கவில்லை.

சபையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் தட்ட ஆரம்பித்து, வெட்கப்பட்டு நிறுத்தினார். என் தோள் வலியில் உயிர் போயிற்று. டீச்சர் கையைத் தூக்கினபடியே நின்றார்.

மெல்ல மெல்ல அரங்கம் அடங்கியது. வெளியே மருத மரத்தில் கிளிகள் அடைகிற சத்தம் உள்ளே வந்தது. ஜன்னலுக்கு மேலே ஏதோ குருவி. மழை தூறத் தொடங்கியிருந்தது போல, பக்கத்துத் தகரக் கொட்டகையில் விழும் துளிகளை ஒவ்வொன்றாகக் கேட்க முடிந்தது.

என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அருமைநாயகம் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

டீச்சரின் கை இறங்கியது.

கைதட்டல் பெரிதாகவே இருந்தது. அவரை எழுப்பி நடுவுக்கு அனுப்ப நான்தான் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

எல்லோரும் போன பிறகு அவர் டீச்சரிடம் வந்தார்.

"கடைசியில ஏன் டீச்சர் அவ்வளவு நேரம்?"

டீச்சர் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"நீங்க இன்னும் நின்னுக்கிட்டு இருந்தீங்கள்லா அண்ணாச்சி."