நழுவிய கண்ணி

முதலில் தப்புச் செய்தவன் தம்பி சிங்காரம்தான். அது ஊரறிந்த விஷயம்.

அப்பா இறந்தபோது மூத்தவர் வேலப்பர் வெளியூரில் கொத்து வேலையில் இருந்தார். சேதி கிடைத்ததும் பஸ் ஏறினார். மழையில் பாலம் உடைந்து பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்த மகன். "அண்ணன் வந்துரட்டும்பா" என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சிங்காரம் கேட்கவில்லை. "அவன் எங்க வரப்போறான்" என்று கொள்ளியைத் தானே வாங்கிக்கொண்டான். முழங்கால் வரை சேற்றோடு வேலப்பர் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது.

'தப்புத்தான் அண்ணே' என்று தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அன்று முதல் வேலப்பர் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, தலை நரைத்த காலத்தில், மலைமேல் இருந்த ஒரு சின்ன மடத்தில் வந்து தங்கினார்.

மடத்துக்குக் குரு நாச்சியாரம்மை. வேலப்பருக்கு மகள் வயதுதான் இருக்கும். வந்த அன்றே அவர் கேட்டார்.

"அம்மா, தப்புப் பண்ணினவன் வாயே திறக்கலைன்னா, எதை வச்சு மன்னிக்கிறது?"

அம்மை இரண்டு பின்னல் ஊசிகளையும் ஒரு கம்பளி நூல் உருண்டையையும் எடுத்துக் கொடுத்தார்.

அங்கே குளிருக்கு எல்லாரும் பின்னுவார்கள். வேலப்பருக்கும் கை பழகியது. இறுக்கிப் பின்னுவார். எங்காவது ஒரு கண்ணி, ஊசியில் ஏற்றிய ஒரு நூல் வளையம், பிசகினால் அவ்வளவையும் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். முடிந்ததைத்தான் அம்மையிடம் காட்டுவார்.

ஒருநாள் அம்மை சொன்னார்: "எஸ்டேட் பிள்ளைங்க சாயங்காலம் வருதுங்க. நீங்களே சொல்லிக்கொடுங்க ஐயா. முதல்ல ஒரு மஃப்ளர் போதும்."

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஊசியை உள்ள விடு. நூலைச் சுத்து. வெளிய இழு. பழைய கண்ணியைக் கழட்டி விடு."

"கழட்டி விட்டா விழுந்துராதா தாத்தா?"

"புதுசு அதைப் பிடிச்சிருக்குல்ல. விழாது."

ஆனால் சின்னக் கைகள். விழத்தான் செய்தது. கண்ணி நழுவிய இடத்தைக் கண்டால் வேலப்பர் ஊசியை உருவிவிட்டுச் சரசரவென்று பிரித்துவிடுவார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏய், பிரி தாத்தா வர்றாரு. மடியில ஒளிச்சு வை!"

ஸ்டெல்லா ஒளித்து வைக்கத் தெரியாதவள். அவள் அப்பா விடியும் முன்பே பால் வண்டி ஓட்டப் போகிறவர். அவருக்காகத்தான் பின்னினாள். வேலப்பர் இரண்டு முறை பிரித்தார். இரண்டு முறையும் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி கண்ணி ஏற்றினாள். அடுத்த முறை மஃப்ளர் முழங்கை நீளம் வளர்ந்திருந்தது. நடுவில் ஒரு கண்ணி நழுவிக் கீழே இறங்கியிருந்தது. வேலப்பர் கையை நீட்டினார்.

"நீங்களே போட்டுக்குங்க!" என்று கூடையில் எறிந்துவிட்டு அவள் ஓடிப்போனாள்.

அந்த நேரம் பார்த்து சமையல்காரர் கூப்பிட்டார். "ஐயா, உங்களுக்குப் போன்!"

தம்பி மகள் கோமதி.

"பெரியப்பா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. பேச்சு குழறுது. உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருக்காங்க."

"தப்புன்னு சொன்னானா?"

"இப்ப அதைக் கேக்குற நேரமா பெரியப்பா?"

"எனக்கு வேற நேரம் எப்பம்மா குடுத்தீங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

நேரே அம்மையிடம் போய் நின்றார்.

"அவன்தான் முதல்ல பண்ணினான். அவன் கேக்காம நான் எப்படிப் போறது?"

அம்மை கூடையைப் பார்த்தார். "இது யாரோடது?"

"ஸ்டெல்லா பொண்ணு. கண்ணி விட்டுட்டா. பிரிக்கணும்."

அம்மை கொக்கி ஊசி ஒன்றை எடுத்தார். நழுவிய கண்ணி இறங்கிக் கிடந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். அது விட்டுப்போன இழைகள் ஏணிப்படி போலக் குறுக்கே நின்றன. ஒவ்வோர் இழையாகக் கொக்கியில் மாட்டி, கண்ணிக்குள் இழுத்தார். கண்ணி படி படியாக மேலே ஏறியது.

வேலப்பர் குனிந்து பார்த்தார். "இப்படி ஏறும்னு எனக்குச் சொல்லவே இல்லையே அம்மா."

"நழுவினதை நீங்க ஒருநாளும் காட்டலையே ஐயா. பிரிச்சுட்டுத்தானே வருவீங்க."

பாதியில் அதை அவர் கையில் கொடுத்தார்.

"இதை விட்டது யாரு?"

"அந்தப் பொண்ணு."

"அவளே வந்து எடுக்கட்டும்னு வச்சிரலாமா?"

வேலப்பர் பிடித்த பிடியில் கண்ணி ஒரு படி கீழே வழுக்கியது.

"அதுக்குள்ள இன்னும் இறங்கிருமே" என்றார். கொக்கி ஊசியை எடுத்து, வழுக்கிய கண்ணியை மாட்டினார்.

அம்மை எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வேலப்பர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஸ்டெல்லா வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் மஃப்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிரிக்கலையா?"

"இல்ல."

"இந்த இடம் கோணலா இருக்கு."

"இருக்கும்."

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வேலப்பர் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சிங்காரத்துக்கு உயிர் இருந்தது, பேச்சு இல்லை. கண் மட்டும் அண்ணனைப் பார்த்தது. வேலப்பர் அவன் வாயருகே காதை வைத்தார். "சொல்லுடா" என்றார். மூச்சுதான் வந்தது. மதியம் முழுக்கக் காதை எடுக்காமல் குனிந்தே இருந்தார். பொழுது சாய்வதற்குள் அந்த மூச்சும் நின்றது.

ஊரே அழுதது. வேலப்பர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று யாரோ அவர் காதுபடவே சொன்னார்கள்.

காரியம் முடிந்து மலையேறி வந்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அம்மையிடம் போய் உட்கார்ந்தார்.

"அவன் சொல்லாமலே போயிட்டான்."

"ம்."

"எனக்கு வரவேண்டியது வரல அம்மா. இத்தனை வருஷம் அதுக்குத்தான் காத்திருந்தேன்."

"தெரியும் ஐயா."

"என் தோள்ல ஏறித் திருவிழா பார்த்த பய. அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வர மாட்டேங்குது. அந்த ஒரு வார்த்தை வந்து குறுக்க நிக்குது. அது வந்துட்டா அழுதிருவேன்."

அம்மை அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அது வராது ஐயா," என்றார். "வராமலே அழுங்க."