சந்தனம் வைத்த தொட்டி

ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும், கீழே சமையலறையில் ஒரு பித்தளைக் குழாயும் இருந்தன. ஆயுதபூஜை வந்தால் வீட்டுக்காரர் தணிகாசலம் தொட்டியின் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவி, அதன் வயிற்றில் சந்தனம் குங்குமம் வைப்பார். மூடியைத் திறந்து உள்ளே மட்டும் பார்க்க மாட்டார். நாலு வருடமாக இப்படித்தான்.

அந்த வருடம் தண்ணீர் நாறியது. சோறு நாறியது, காபி நாறியது. பழி குழாய் மேல் விழுந்தது. தணிகாசலத்தின் மனைவி மரகதம் அதன் வாயைப் புளி போட்டுத் தேய்த்தாள். பிறகு வெள்ளைத் துணியை வடிகட்டியாகக் கட்டினாள். துணியும் நாறியது. கடைசியில், "இந்தச் சனியனக் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு மாட்டுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டாள்.

குழாய்க்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடம் அந்த வீட்டுக்கு உழைத்திருக்கிறது. அது மேலே பார்த்துக் கத்தியது.

"மூடி ஓட்டை வழியாக விழுந்த அணில் உன் வயிற்றில் செத்துக் கிடக்கிறது. அடியெல்லாம் சேறு. நீ கொடுப்பதைத்தானே நான் கொடுக்கிறேன்? ஒரு நாளாவது உன் மூடியைத் திறந்து காட்டு."

தொட்டி அலட்டிக்கொள்ளவில்லை. "எனக்குச் சந்தனம் வைக்கிறார்கள். உனக்கு வைத்தார்களா? நாற்றம் உன் வாயிலிருந்துதான் வருகிறது. ஊரே அதைத்தான் பார்க்கிறது" என்றது.

வெட்கமாக இல்லையா என்று குழாய் கேட்டது. தொட்டிக்கு ஏது வெட்கம்!

மறுநாள் பிளம்பர் வந்து குழாயைக் கழற்றி மேடைமேல் போட்டார். அதன் இடத்தில் பளபளவென்று ஒரு ஸ்டீல் குழாய் ஏறியது. மரகதம் ஆசையாகத் திருகினாள். அதே நாற்றம்.

பழைய குழாயை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். அவள் தேய்த்த புளியின் வாசனைதான் அதில் இருந்தது. ஒரு தப்பும் செய்யாததைப் போட்டு இந்தப் பாடு படுத்தினோமே என்று முதலில் தன் மேலேயே கோபம் வந்தது. அடுத்தது கணவர் மேல்.

"நாலு வருஷமா பொட்டு வச்சீங்களே, ஒரு தடவையாவது உள்ள பாத்தீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் ஏணியை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஏணி தன் மேல் சாய்ந்ததும் தொட்டி கீழே பார்த்துக் கெஞ்சியது. "தம்பி, புதுசா வந்தவனே, என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப்பா."

புதுக் குழாய் வாயைத் திறந்தது. தொட்டிக்குள் இருந்ததுதான் வந்தது.