மூன்றாவது ஸ்டே கம்பி

ஹாம் ரேடியோ பேசுகிறவர்களுக்குள்ளும் குரு, சிஷ்யர் உண்டு. புயலடித்து போனும் கரண்டும் போன பிறகு, பேட்டரியை மாட்டிக்கொண்டு, "இங்கே இத்தனை பேர் இருக்கோம், அரிசி அனுப்புங்க" என்று வெளியூருக்குச் சொல்கிறார்களே, அவர்கள்தான். எங்கள் கடற்கரையில் அப்படி ஒரு குரு. பெயர் அமலோற்பவம். சிஷ்யர் சிங்காரவேலு, குருவைவிடப் பத்து வயசு மூத்தவர். அதனால் குரு சிஷ்யரை அண்ணே என்பார், சிஷ்யர் குருவை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

ஐப்பசி பிறப்பதற்குள் தன் கொல்லையில் அறுபது அடி டவர் ஏற்றிவிட வேண்டும் என்று சிஷ்யருக்கு ஆசை. உயரம் இருந்தால்தானே குரல் தூரம் போகும். ஒல்லி டவர். மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். கரண்ட் கம்பத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டியிருப்பார்களே, அதே கம்பிதான்.

டவர் தரையில் படுத்திருந்தது. வீட்டுக்குள்ளே மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள்.

"தூக்குறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்கம்மா. கம்பி கட்ட நல்ல இடம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார் சிஷ்யர்.

குரு நடந்தார். வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, கொக்கி வைத்திருந்தது. காலால் உதைத்துப் பார்த்தார்.

"இதுல யானையைக் கட்டலாம். மூணாவது எங்கண்ணே?"

சிஷ்யர் கடல் பக்கத்து வேலியோரம் நின்ற தென்னையைக் காட்டினார்.

"மரத்துலயா?"

"போன புயல்ல தோப்பே சாஞ்சுது. இது சாயலம்மா."

"சாயல. ஆடுச்சா?"

"ஆடாமலா? பேய் பிடிச்ச மாதிரி ஆடுச்சு."

"அது ஆடுறப்ப டவர் சும்மா நிக்குமா?"

சிஷ்யர் தலையைச் சொறிந்தார். "அப்ப வேலியோரமா ஒரு குழி வெட்டிடுறேன்."

"டவர் காலுக்குக் கிட்டக் கட்டினா கம்பி நெட்டுக்குத்தா நிக்கும். கீழே அமுக்குமே தவிர இழுத்துப் பிடிக்காது. தள்ளிப் போகணும்."

"டவரையே இந்தப் பக்கம் நகர்த்தலாம்னா மேலே கரண்ட் லைன் போகுது. தள்ளின்னா எவ்வளவு தள்ளிம்மா?"

குரு வேலிக்கு மேலே கையை நீட்டினார். அந்தப் பக்கம் கடலைக்கொல்லை. "அதோ அந்த மேடு. கெட்டி மண்ணு. தண்ணி நிக்காது. ஆடுமாடும் அங்க வராது."

அது சிஷ்யரின் தம்பி மாசிலாமணியின் இடம். வேலி போட்ட நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சு கிடையாது. கல்யாணப் பந்தியில்கூட ஒருத்தர் எழுந்த பிறகுதான் இன்னொருத்தர் உட்காருவார்.

"அவன் வாசல்ல போய் நான் நிக்க மாட்டேன். மரத்துலயே கட்டுறேன். அந்தக் கம்பி விட்டுச்சுன்னா அவன் பக்கம்தானே விழும்? விழட்டும்!"

சிஷ்யரின் மனைவி பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆமா, கொழுந்தனாரு தலையில விழுந்தா இவருக்குப் பொங்கலு!"

குரு சிரித்தார். மூலையில் கிடந்த மூங்கிலை எடுத்து, அதன் உச்சியில் மூன்று கயிறு கட்டினார். டவர் நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தினார். வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கயிற்றோடு பொன்னுத்தாய். அந்தப் பக்கம் குரு. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு தென்னைக்குப் பக்கத்தில் சிஷ்யர்.

"நல்லா இழுத்துப் பிடிங்க."

மூங்கில் விறைப்பாக நின்றது.

"இப்ப உங்க கயித்தை விடுங்கண்ணே."

விட்டார். மூங்கில் வேலிப் பக்கம் வரவே இல்லை. அப்படியே எதிர்ப்பக்கம் போய் வீட்டு ஓட்டின் மேல் டம்மென்று விழுந்தது. உள்ளே குழந்தை வீறிட்டது. பொன்னுத்தாய் கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

சிஷ்யர் வெறும் கையோடு நின்றார். ஓட்டைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். குழந்தை அழுது அடங்கியது. அப்புறம் சிஷ்யர் கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"போய்க் கேட்டு, அவன் முடியாதுன்னுட்டான்னா என்னம்மா செய்யறது?"

குரு கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டவரைக் குட்டையாக்கிடுங்கண்ணே. உங்க வேலிக்குள்ள எவ்வளவு உயரம் நிக்குமோ, அவ்வளவு."